ஒரே ஊசி, மூன்று நோயாளிகள்: திருகோணமலையில் ஒரு ஸ்டெம் செல் ஆலோசனை நிலையம்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், மருந்துக் கடைக்கு மேலுள்ள மாடியில், இழந்த பார்வையையும் பழுதடைந்த நரம்புகளையும் ஸ்டெம் செல் (பெருகி வேறு வகைக் கலங்களாக, அதாவது செல்களாக, வளரக்கூடிய உடற்கலம்) சிகிச்சையால் மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஆலோசனை நிலையம் ஒன்று அண்மைக்காலமாக இயங்கி வருகிறது. சிகிச்சை இங்கே நடப்பதில்லை. நோயாளியின் அறிக்கைகளை வாங்கி வெளிநாட்டிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதும், விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றை ஒழுங்கு செய்வதுமே இவர்களது சேவை. கண் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால், உவர்மலையிலும் சாம்பல்தீவிலும் உள்ள உறவினரும் அயலவரும் அங்கே போகலாமா என்று என்னிடமே விசாரிக்கிறார்கள். பார்வை நரம்பை மெல்ல அழிக்கும் குளுக்கோமா என்ற கண் நோயால் பார்வை குறைந்துவரும் என் சின்னம்மாவும் அதையே கேட்டபோது, அவரை அழைத்துக்கொண்டு நேரில் சென்றேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு வேறு ஊர்களிலும் முளைக்கக்கூடிய சேவை இது என்பதால், பெயரைவிட உள்ளே நடப்பதை விரிவாக எழுதுவதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய்யல்ல. கண்ணின் ஒரு பகுதியில் அது உலகெங்கும் நோயாளிகளுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு பகுதியில் நம்பிக்கையூட்டும் பரிசோதனை நிலையில் நிற்கிறது. பார்வை நரம்பைப் பொறுத்தவரை இன்னும் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவில்லை என்றே சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் வேறுபடுத்தாமல், முதலாவதில் கிடைத்த வெற்றியைக் காட்டி மூன்றாவதற்குப் பணம் வாங்குவதுதான் இந்த நிலையத்தின் வழி. அன்று அங்கே காத்திருந்தவர்களுள் ஸ்டெம் செல்லால் மெய்யாகவே பயன்பெறக்கூடிய ஒருவரும் இருந்தார். அவருக்குரிய சிகிச்சை எது என்பதை மட்டும் இவர்கள் சொல்லவேயில்லை.

நல்லவற்றையும் குறிப்பிடுவதே நியாயம். இடம் துப்புரவாக இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு அழைத்தார்கள். வரவேற்பில் இருந்த பிள்ளை சின்னம்மாவின் கையைப் பிடித்து நாற்காலி வரை கூட்டிச் சென்றாள். படிவத்தை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். விளக்கக் கையேடு பிழையில்லாத தமிழில் அச்சிடப்பட்டிருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் வரிசையில் நின்று களைத்தவர்களுக்கு இந்த அன்பான நடத்தையே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிடும் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேவை செய்வதாக விளம்பரப்படுத்தும் நிலையத்துக்கு மின்தூக்கியோ சரிவுப் பாதையோ இல்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு தகப்பன் தன் மகனை அழைத்து வந்திருந்தார். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவிழந்த அந்த இளைஞனை, பிளாஸ்டிக் கதிரையொன்றில் இருத்தி, தகப்பனும் மூத்த மகனும் இரு பக்கமும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று நின்று மேலே தூக்கி வந்தார்கள். கதிரையின் கால் சுவரில் இடிக்காதவாறு அந்தப் பிள்ளை தன் கையைக் கேடயமாகச் சுவரில் வைத்திருந்தான். கீழ்த்தளத்திலேயே ஓர் அறை எடுக்க இவர்களுக்கு வசதியில்லை என்று நான் நம்பவில்லை.

கையேட்டின் நடுப்பக்கத்தில் கண்ணின் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறது. விழிவெண்படலம், வில்லை, விழித்திரை, பார்வை நரம்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே பச்சை நிறத்தில் தீட்டி, ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லிலிருந்து கண் முழுவதையும் நோக்கி ஒரேயொரு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ‘நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு’ என்ற வரி. நோபல் பரிசு உண்மைதான். ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த உடற்கலங்களை எந்த உறுப்பின் கலமாகவும் வளரக்கூடிய தொடக்க நிலைக்குத் திருப்ப முடியும் என்பதை 2006இல் எலியிலும் 2007இல் மனிதக் கலங்களிலும் செய்து காட்டினார். 2012இல் ஜோன் கர்டனுடன் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் இந்த நிலையம் அனுப்பும் இடத்தில் கொடுக்கப்படுவது அந்தக் கலங்கள் அல்ல. நோயாளியின் வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ இடுப்பெலும்பு மச்சையிலிருந்தோ எடுத்து, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, அன்றைக்கே கண்ணுக்குள்ளும் முள்ளந்தண்டைச் சூழ்ந்த திரவத்துக்குள்ளும் ஊசியால் செலுத்தப்படும் ஒரு கலவை அது. யமனாக்காவின் பெயருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆலோசனை அறையில் வெள்ளை மேலங்கி அணிந்த ஓர் இளைஞர் இருந்தார். நீங்கள் வைத்தியரா என்று கேட்டேன், ஒருங்கிணைப்பாளர் என்றார். பின்னர் வெளிநாட்டு வைத்தியர் ஒருவர் காணொளி அழைப்பில் சில நிமிடங்கள் வந்து, பெயரையும் வயதையும் சர்க்கரை வியாதி உண்டா என்பதையும் கேட்டுவிட்டுப் போனார். சின்னம்மா தன் பார்வைப்புலப் பரிசோதனைத் தாள்களை எல்லாம் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். ஆண்டுக்கு ஆண்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கருமை பரவி வருவதை அந்தத் தாள்கள் வரிசையாகக் காட்டும். குளுக்கோமா நோயாளியைப் பற்றி எவரும் முதலில் பார்க்க வேண்டிய ஆவணம் அதுதான். இளைஞர் உறையைத் திறக்காமலேயே ஒருபுறம் வைத்தார்.

“தம்பி, எனக்கு ஓரத்தில ஒண்டும் தெரியுதில்ல. அது திரும்பி வருமோ?” என்று சின்னம்மா கேட்டார்.

“வரும் அம்மா. மூண்டு மாசத்துக்குள்ள வித்தியாசம் தெரியும். எங்க பழுதோ அங்க அந்தச் செல் தானாப் போய்ச் சேந்திடும். அதுக்குப் பிறகு இந்தச் சொட்டு மருந்தும் தேவைப்படாது.”

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வசனத்துக்காகவே இந்தச் சேவையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணுக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொட்டு மருந்துதான் சின்னம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் பார்வையைக் காத்து நிற்கிறது. பார்வை நரம்பு என்பது விழித்திரையில் உள்ள திரட்டுக் கலங்கள் மூளையை நோக்கி அனுப்பும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகளின் கட்டு. குளுக்கோமா அந்த இழைகளை ஒவ்வொன்றாக அழிக்கிறது. கை கால்களின் நரம்பு அறுந்தால் ஓரளவு மீண்டும் வளரக்கூடும். மூளை, முள்ளந்தண்டு வடம், பார்வை நரம்பு ஆகியவை சேர்ந்த மத்திய நரம்புத் தொகுதியில் அந்த வளர்ச்சி நடப்பதில்லை. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதும், முதிர்ந்த நரம்புக் கலங்கள் தம் வளரும் ஆற்றலை இழந்துவிடுவதும் அதற்குரிய காரணங்களுள் சில. ஆகவே குளுக்கோமாவில் இழந்த பார்வையை மீட்பதற்குப் புதிய திரட்டுக் கலத்தைச் சரியான அடுக்கில் குடியேற்றினால் மட்டும் போதாது. அது விழித்திரையின் மற்றக் கலங்களோடு இணைய வேண்டும். தன் இழையைக் கண்ணின் பின்புறத்து வாசல் வழியாக வெளியேற்றி, பாதியளவு இழைகள் பக்கம் மாறும் குறுக்குச் சந்தியைக் கடந்து, மூளையில் தனக்குரிய இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். விலங்குகளில் இதன் சில படிகளைச் செய்து பார்க்கிறார்கள். வயிற்றுக் கொழுப்பின் கலவை இதில் எந்தப் படியையும் செய்து முடிப்பதில்லை.

கிண்ணியாத் தகப்பனின் மகனுக்கும் அதே ஊசிதான், செலுத்தும் இடம் மட்டும் வேறு. அவருடைய முறை முடிந்து வெளியே வந்தபோது, “மகன் எழும்பி நடப்பான் எண்டு சொல்லுறாங்கம்மா, நீங்க என்ன சொல்லுறீங்க?” என்று என்னிடம் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் சொல்வது எளிதல்ல. தெரிந்ததைச் சொன்னேன். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோவின் குழு, யமனாக்காவின் முறையில் உருவாக்கிய நரம்பு முன்னோடிக் கலங்களை 2021 டிசம்பரில் முதன்முறையாக முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலுத்தியது. நான்கு பேரின் முடிவுகளை 2025 மார்ச்சில் வெளியிட்டார்கள். இருவரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. ஒருவர் துணையின்றி எழுந்து நிற்கும் நிலைக்கு வந்தார். மனதைத் தொடும் செய்திதான். ஆனால் அந்த நால்வரும் விபத்து நடந்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் சிகிச்சை பெற்றவர்கள். அந்தக் காலத்தில் தானாகவே ஓரளவு குணம் ஏற்படுவதும் உண்டு என்பதாலும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததாலும், முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு கலங்களுக்குரியது என்று அந்த ஆய்வை வைத்தே முடிவு கட்ட முடியாது. அவருடைய மகன் விழுந்தது பல ஆண்டுகளுக்கு முன்.

ஊசியால் நன்மை வராவிட்டாலும் கேடு வராது என்று அந்த இளைஞர் தகப்பனிடம் சொல்லியிருக்கிறார். கேடு வந்திருக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குப் போர்த்துக்கலில் அவருடைய மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த கலங்களை முதுகில் வைத்தார்கள். எட்டு ஆண்டுகளின் பின்னர் முதுகு வலி தாங்காமல் அறுவைச் சிகிச்சை செய்தபோது, சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் ஒரு கட்டி முள்ளந்தண்டு வடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இது 2014இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி. உடலில் வைத்த கலம் எங்கே போகும், எதுவாக வளரும், எப்போது நிற்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அதைச் செலுத்தினால், பிழையாகிப் போனபின் திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரை என்றால் நிறுத்திவிடலாம்.

கண்ணைப் பொறுத்தவரை இந்த நிலையம் விற்கும் அதே முறையின் விளைவு இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 2015இல் மூன்று பெண்கள் தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ‘ஸ்டெம் செல்’ கலவையை இரண்டு கண்களுக்குள்ளும் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் இருந்தது வயதாவதால் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய். 5,000 டொலர் கட்டணம். தாம் ஏதோ ஆய்வில் பங்கேற்பதாக நம்பியே சென்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். சில நாட்களுக்குள் கண்ணுக்குள் இரத்தக் கசிவு, அழுத்த உயர்வு, விழித்திரை கழன்று போதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மூவரும் ஏறக்குறைய முழுப் பார்வையையும் இழந்தனர். ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2017 மார்ச்சில் இதை வெளியிட்டது. ஊசிக்கு முன் அவர்கள் நடமாடுமளவு பார்வையோடு இருந்தவர்கள் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

அதே இதழில், அதே நாளில், ஜப்பானியக் குழுவின் கட்டுரையும் வந்திருந்தது. கோபே நகரில் மசாயோ தகஹாஷியின் குழு, 2014 செப்டெம்பரில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தோலிலிருந்து எடுத்த கலங்களை யமனாக்கா முறையில் தொடக்க நிலைக்குத் திருப்பி, அவற்றிலிருந்து விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிக் கலங்களை ஒரு மெல்லிய தகடாக வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் வைத்தது. ஓராண்டின் பின்னர் தகடு இருந்த இடத்திலேயே இருந்தது. பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்காக வளர்த்த கலங்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும், அவருக்கு அதை வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். கலம் தயாராக இருந்தும், நோயாளி காத்திருந்தும், சந்தேகம் தீராததால் நிறுத்தினார்கள் என்பதே எனக்கு அந்த ஆய்வில் மிகவும் மதிப்புக்குரிய பகுதி. லண்டனில் 2018இல் வெளியான இன்னோர் ஆய்வில், கருநிலைக் கலங்களிலிருந்து வளர்த்த அதே வகை நிறமிக் கலத் தகட்டைப் பெற்ற இருவர் பழையபடி வாசிக்கும் அளவுக்கு முன்னேறினார்கள். நிறமிக் கலம் மூளைக்கு இழை அனுப்ப வேண்டியதில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு, ஒளியை உணரும் கலங்களுக்கு ஊட்டம் கொடுத்து, அவற்றின் கழிவை அகற்றினால் போதும். அதனால்தான் விழித்திரையின் இந்தப் பகுதியில் நம்பிக்கை கூடுதலாக இருக்கிறது. அதுவும் இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது. இந்தப் பரிசோதனைகளில் முதலில் ஒரு கண்ணையே தொடுகிறார்கள், அதுவும் மோசமான கண்ணை. சின்னம்மாவுக்கு இந்த நிலையம் தந்த திட்டத்தில் இரண்டு கண்களுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவதாக எழுதியிருந்தது.

இனி அந்த மூன்றாவது மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த மேசன் அவர். வெள்ளை அடிப்பதற்காகக் கரைத்து வைத்த சுண்ணாம்பு முகத்தில் தெறித்து வலக்கண் வெந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்து பார்க்கும்போதே எனக்குத் தெரிந்தது: கண்ணின் முன்புறத்துத் தெளிவான படலம், அதாவது விழிவெண்படலம், பால் நிறமாக மங்கி, அதன் மேல் சிவந்த இரத்தக் குழாய்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்திருந்தன. இடக்கண் நன்றாக இருந்தது. கண் சிகிச்சையில் ஸ்டெம் செல் மெய்ப்பித்துக் காட்டிய இடம் சரியாக இதுதான்.

விழிவெண்படலத்தின் மேற்பரப்புக் கலங்கள் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. புதிய கலங்களைக் கொடுப்பது, தெளிவான படலமும் வெண்விழியும் சந்திக்கும் வட்ட விளிம்பில் வாழும் ஸ்டெம் செல்கள். வயலுக்கு நாற்றுமேடை எப்படியோ, விழிவெண்படலத்துக்கு அந்த விளிம்பு அப்படி. சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் ஆழமாக ஊடுருவி அந்த விளிம்பையே எரித்துவிடுகிறது. பிறகு பக்கத்திலுள்ள வெண்விழியின் சவ்வு இரத்தக் குழாய்களோடு உள்ளே பரவி, பார்வையை மூடிவிடுகிறது. இப்படிப்பட்டவருக்குத் தானமாகக் கிடைத்த விழிவெண்படலத்தை மட்டும் பொருத்தினால் அது நிலைப்பதில்லை, ஏனென்றால் அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்க ஆளில்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண் தான சங்கத்தின் மூலம் உலக நாடுகளுக்கெல்லாம் விழிவெண்படலம் அனுப்பிவரும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் சுண்ணாம்பில் வெந்த கண்ணுக்கு அது மட்டும் போதாமல் போவதற்குக் காரணம் இதுவே.

போதுமானது வேறொன்று இருக்கிறது. இத்தாலியின் கிராசியெல்லா பெலெக்ரினியும் மிக்கேலே டி லூக்காவும் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, ஆய்வுகூடத்தில் தகடாக வளர்த்து, வெந்த கண்ணில் வைக்கும் முறையை 1997இல் அறிமுகப்படுத்தினர். அதே ஆய்வாளர்கள் 112 நோயாளிகளைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்குக்கும் சற்றுக் கூடுதலான கண்களில் விழிவெண்படலம் தெளிவாகி நிலைத்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த முதல் ஸ்டெம் செல் மருந்து, ஹொலோக்ளார் என்ற பெயரிலான இந்தத் தகடுதான். நமக்கு இன்னும் பக்கத்தில், ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் நிறுவனத்தில், வீரேந்தர் சங்வானின் குழு ஆய்வுகூடமே தேவைப்படாத எளிய முறையொன்றை 2012இல் வெளியிட்டது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் அளவான துண்டொன்றை எடுத்து, அதைப் பொடித்துண்டுகளாக்கி, பனிக்குடச் சவ்வு (கருவிலுள்ள குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) விரித்த வெந்த கண்ணின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். கலங்கள் கண்ணின் மேலேயே வளர்ந்து பரவுகின்றன. அங்கே 125 பேருக்குச் செய்ததன் பலனை 2016இல் வெளியிட்டபோது, 76 சதவீதமானோருக்கு அது வெற்றியளித்திருந்தது.

ஒரு கண் மட்டும் வெந்து, மறுகண் நலமாக இருக்கும் அந்த மேசன் இதற்கென்றே பொருத்தமானவராக என் கண்ணுக்குத் தெரிந்தார். இறுதி முடிவைக் கண்ணைப் பரிசோதிக்கும் நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கையேட்டின் அட்டையில் ‘வெற்றி பெற்றவர்கள்’ என்று இவர்கள் போட்டிருந்த முன்பின் படங்கள் இரண்டும் இந்த வகைச் சத்திரசிகிச்சையின் படங்களே. அந்தப் படத்தைப் பார்த்து நம்பி வந்த மேசனுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை எது? வயிற்றுக் கொழுப்பு, கண்ணுக்குள் ஊசி. சின்னம்மாவுக்கும் கிண்ணியாப் பிள்ளைக்கும் சொன்ன அதே ஊசி, அதே கட்டணம். விளிம்பில் வைக்க வேண்டியதைக் கண்ணின் உள்ளே செலுத்தினால் மேற்பரப்புக்கு எப்படி வரும் என்று நான் கேட்டபோது, அந்தச் செல்லுக்குத் தன் வழி தெரியும் என்று இளைஞர் பதில் சொன்னார். அவர் மனமறிந்து பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் நம்புகிறார், அதனால் கேட்பவரும் நம்பிவிடுகிறார்.

படி இறங்கும்போது மேசனிடம், பொது வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டி, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலுள்ள விழிவெண்படல நிபுணருக்குக் கடிதம் கேட்குமாறும், ‘விளிம்பு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை எனக்குப் பொருந்துமா’ என்று அங்கே நேராகக் கேட்குமாறும் சொல்லி, அதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். சுண்ணாம்போ சீமெந்தோ கண்ணில் பட்டால் வைத்தியசாலைக்கு ஓடுவதற்கு முன் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும் என்பதை அவருடைய வேலையாட்களுக்கும் சொல்லச் சொன்னேன். வெற்றிலைச் சுண்ணாம்புப் பக்கெற்றைப் பிதுக்கி விளையாடும் சிறு பிள்ளைகளின் கண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு.

கட்டணத்தைப் பற்றி. ஆலோசனைக்கு வாங்கும் தொகை நகரத்திலுள்ள தனியார் நிபுணர் ஒருவரைப் பார்ப்பதற்கான தொகையைவிடக் கூடுதல். சிகிச்சைக்கான மொத்தத் தொகை, மூதூர்ப் பக்கம் ஒரு சிறு காணியை விற்றால்தான் புரட்டக்கூடியது. கிண்ணியாத் தகப்பன் அதைத்தான் செய்யப் போவதாகச் சொன்னார். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கங்கள் தமிழில் இருக்கின்றன; கடைசிப் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தக் கடைசிப் பக்கத்தில்தான், இது ஆராய்ச்சி நிலையிலுள்ள சிகிச்சை என்பதும், பலனுக்கு உத்தரவாதமில்லை என்பதும், பாதிப்பு ஏற்பட்டால் இரு நிறுவனங்களும் பொறுப்பல்ல என்பதும், முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழில் எழுத வேண்டிய பக்கம் எதுவென்றால் அதுதான். ஊர் திரும்பியபின் கண் சிவந்தாலோ வலித்தாலோ யாரிடம் போவது என்று கேட்டேன். அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்கள்.

ஆராய்ச்சி நிலையிலுள்ள சிகிச்சை என்றால் அதற்குரிய ஒழுங்கு இருக்க வேண்டும். நம்மவர் பலரும் சிகிச்சைக்காகச் செல்லும் இந்தியாவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, குருதி தொடர்பான குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை போன்றவற்றைத் தவிர, ஏனைய ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்குள் மட்டுமே நடக்க வேண்டும். முறையான பரிசோதனையில் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், பதிவு எண் இருக்கும், இன்ன நோயின் இன்ன கட்டத்தில் உள்ளவரை மட்டுமே சேர்ப்போம் என்ற வரையறை இருக்கும், பரீட்சிக்கப்படும் சிகிச்சைக்குப் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். பதிவு எண் மட்டும் இருப்பதை வைத்தும் நம்பிவிடக் கூடாது. புளோரிடாச் சிகிச்சை நிலையமும் அரச ஆய்வுப் பதிவேட்டில் ஓர் ஆய்வைப் பதிந்து வைத்திருந்தது. நான் கேட்ட இந்த விடயங்களுள் ஒன்றுக்கும் இந்த நிலையத்தில் ஆவணம் காட்டப்படவில்லை. எந்த நோயானாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். குளுக்கோமா, சுண்ணாம்புக் காயம், முள்ளந்தண்டு முறிவு ஆகிய மூன்றுக்கும் ஒரே மருந்து என்று எவர் சொன்னாலும், மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

சின்னம்மாவுக்கு அன்று மாலை இதையெல்லாம் சொல்லி விளங்கப்படுத்துவது எனக்குக் கடினமாகவே இருந்தது. போன பார்வை திரும்பாது என்பதை அவர் ஏற்கெனவே அறிந்தவர்தான். ஆனால் ‘வரும் அம்மா’ என்று ஒருவர் சொல்லக் கேட்டபின் அதை மறுபடி கேட்பது வேறு வலி. இருக்கும் பார்வையைக் காப்பதற்குச் செய்ய வேண்டியவற்றை இருவருமாக ஒழுங்குபடுத்தினோம். இரவுச் சொட்டை விடாமல் போடுவதற்கு அவருடைய மருமகள் பொறுப்பேற்றாள். குளுக்கோமா குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால், அவருடைய பிள்ளைகள் மூவரும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். முதன்மகனுக்கு அழுத்தம் உயர்ந்திருப்பது தெரியவந்து, பார்வை குறைவதற்கு முன்பே மருந்து தொடங்கியாகிவிட்டது.

இந்த நிலையத்துக்கு ஏற்கெனவே அறிக்கைகளைக் கொடுத்தவர்கள் அவற்றின் மூலப்பிரதிகளை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சின்னம்மாவின் பார்வைப்புலத் தாள்களைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டு, நாங்கள் பல முறை கேட்ட பின்னரே திருப்பித் தந்தார்கள், அதிலும் இரண்டு ஆண்டுகளுக்குரிய தாள்கள் குறைவாக இருந்தன. பழைய தாள் இல்லாவிட்டால் நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அடுத்த வைத்தியரால் கணிக்க முடியாது. கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள், கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம், கடைசிப் பக்கத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துக் கேட்கும் வரை எந்த இடத்திலும் கையொப்பம் இட வேண்டாம்.